பர்ஸுக்குள் ஒரு பேனாக்கத்தி

காகிதத்தில் மடித்து வைத்த பாதி பிளேடு இல்லாத வீடு ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அபூர்வம். தையல் பிரிக்க, பென்சில் சீவ, பொட்டலக் கயிற்றை அறுக்க என எல்லாவற்றுக்கும் அதுதான். அதையே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவர்களும் உண்டு. பிடி இல்லாத அந்த பிளேடு எத்தனையோ விரல்களைப் பதம் பார்த்திருக்கிறது.

பிளேடு போய்விட்டது, வேலை போகவில்லை. கூரியரில் வரும் அட்டைப் பெட்டியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டியிருக்கிறது. புதுச் சட்டையின் விலைச்சீட்டு பிளாஸ்டிக் நரம்பில் தொங்குகிறது. ரயிலில் வாங்கிய கொய்யாவை நறுக்க வழியில்லை. ஆளாளுக்குப் பல்லால் கடித்து இழுக்கிறார்கள், வண்டிச் சாவியால் குத்திக் கிழிக்கிறார்கள். ரூபாய் நோட்டுக்கும் ஏ.டி.எம். கார்டுக்கும் நடுவே அடங்கிவிடும் மெல்லிய மடக்குக் கத்தி இந்தச் சில்லறை வேலைகளுக்கென்றே அமைந்த கருவி.

கத்தியை மடக்கும் யோசனை மிகப் பழையது. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் பகுதியில் கிடைத்த, எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முந்தையது. கத்தி, கரண்டி, முள்கரண்டி எல்லாம் ஒரே பிடியில் மடங்கும் ரோமானியர் காலத்துக் கருவி ஒன்று கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தமிழர்களுக்கும் இது புதிதல்ல. ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு முனையில் எழுத்தாணி, மறு முனையில் ஓலையை வாரவும் நறுக்கவும் சிறு கத்தி. இரண்டையும் பிடிக்குள் மடக்கிவிட்டால் அந்தப் பிடியே உறை. உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது இதையும் குறிப்பிடுகிறார். பேனாக்கத்தி என்ற சொல்லின் கதையும் எழுத்தோடு சேர்ந்ததுதான். ‘பேனா’ என்பது இறகைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. இறகுப் பேனாவின் நுனி தேயத் தேய அதைச் சீவிக் கூராக்க ஐரோப்பியர்கள் சட்டைப் பையில் வைத்திருந்த சின்னக் கத்திதான் பேனாக்கத்தி. இறகு போனது, பேனாவும் மாறியது, கத்தியின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மடக்குக் கத்தி என்றதும் திரைப்படத்தில் ரவுடி ‘சட்டக்’ என்று விரிக்கும் ராம்புரி கத்தி பலருக்கு நினைவுக்கு வரும். அது வேறு ஜாதி. பர்ஸில் வைக்கும் கத்தியின் அலகு ஒரு விரல் நீளம்கூட வராது. எழுதுகிறவனின் கையில் வளர்ந்த கருவிக்கு ரவுடியின் பெயர் ஒட்டிக்கொண்டது வருத்தமான விஷயம்.

கத்தியைச் சிறிதாக்குவது எளிது, மெல்லிதாக்குவதுதான் கடினம். அதில் பெரிய சாதனை செய்தவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்ஸனர். 1884-ல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார். சில ஆண்டுகளில் சுவிஸ் ராணுவத்துக்கு ஒரு கத்தி தேவைப்பட்டது: சிப்பாய் உணவு டப்பாவைத் திறக்க வேண்டும், துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவும் வேண்டும். முதல் தொகுதியைச் செய்துகொடுத்தது ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து நிறுவனம். நம் ராணுவத்துக்கு நாமே செய்ய வேண்டும் என்று எல்ஸனர் களத்தில் இறங்கி, 1891-ல் கத்திகளை வழங்கினார். அதில் நஷ்டப்பட்டு, திவாலாகும் நிலைக்கும் போனார். ஆனாலும் விடவில்லை. 1897-ல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியின் சூட்சுமம், முதுகில் உள்ள ஒரே வில்தகடு இரண்டு பக்கக் கருவிகளையும் தாங்கும் என்பதே. தகடு குறைந்தால் கனமும் குறையும். தாயார் விக்டோரியாவின் பெயரோடு, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ சேர்ந்து பிற்பாடு ‘விக்டோரினாக்ஸ்’ ஆனது.

அந்த நிறுவனத்தின் சாவிக்கொத்துக் கத்தி மடக்கினால் 58 மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் தடிமன் பர்ஸைப் புடைக்க வைக்கும். ஏ.டி.எம். கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர் என்பது உலகப் பொது அளவு. எனவே பர்ஸுக்கென்று செய்பவர்கள் வேறு வழிகளில் போனார்கள். கார்டு அளவுள்ள பிளாஸ்டிக் தட்டுக்குள் கத்தி, கத்தரி, இடுக்கி ஆகியவற்றைச் செருகி வைப்பது ஒரு வழி. கார்டையே மடித்துக் கைப்பிடியாக்கும் ‘கார்டுஷார்ப்’ வகை இன்னொன்று. ஒற்றை அலகைத் தகடுகளுக்கு நடுவே மடக்கும் பழைய முறையும் இருக்கிறது. பழம் நறுக்கவும் பென்சில் சீவவும் கைக்கு வாகானது இதுதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, விரித்த அலகு எதனால் நிற்கிறது என்பது. பல சிறிய கத்திகளில் பூட்டு கிடையாது. வில்தகட்டின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்துகிறது. அலகின் முதுகை அழுத்தினால் அது விரல்மேல் மடங்கும். ஆகவே குத்தவோ நெம்பவோ கூடாது, இழுத்து அறுக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும். மடக்கிய நிலையில் தானாகத் திறக்கும் தளர்ந்த கத்தியைப் பையில் வைக்கவே கூடாது. பின்பாக்கெட் பர்ஸில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தால் மெல்லிய தகடு வளையும், முன்பாக்கெட் நல்லது.

நம் ஊர் வியர்வைக்கும் கடற்காற்றுக்கும் துருப்பிடிக்காத எஃகே ஏற்றது. அதுவும் எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் மடக்கினால் கறை பிடிக்கும். கீலுக்கு எப்போதாவது ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளையே ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. பர்ஸ் கத்தி அந்த அளவுக்கு அருகில்கூட வராது. ஆனால் எவ்வளவு சிறிய கத்தியானாலும் அதைக் காட்டி மிரட்டினால் குற்றம்தான். பிரிட்டனில் சட்டம் கடுமையானது. 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைத்தான் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். அன்றாடப் பொருள்போல உருமறைத்துச் செய்த கத்திகளுக்கு அங்கே தடை. லண்டனில் இருக்கும் பிள்ளைக்கு கார்டு வடிவக் கத்தியைப் பரிசாக அனுப்ப நினைக்கும் பெற்றோர் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் நடந்த 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானங்களில் கைப்பையில் கத்தி கொண்டுபோவது நின்றது. விமான நிலையக் கடைகளை நம்பியிருந்த விக்டோரினாக்ஸின் விற்பனை சரிந்தது. அப்போதும் ஆட்களை நீக்காமல், பக்கத்து நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பிச் சமாளித்தார்கள். இன்று பல நாடுகளில் சட்டம் இறுகுவதால், அலகே இல்லாத கருவியையும் உருவாக்கி வருவதாக 2024-ல் அந்நிறுவனம் அறிவித்தது.

பர்ஸ் கத்தியின் பெரிய வசதி, அது இருப்பதே மறந்துபோவது. விமான நிலையத்தில் அதுவே சங்கடமாகிவிடும். பாதுகாப்புச் சோதனையில் பிடிபட்டால் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். பயணத்துக்கு முந்தின இரவே பர்ஸைத் திறந்து, கத்தியை எடுத்து, விமானத்தின் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.