உங்களுக்குத் தெரியுமா? மில்லில் ஏ.சி. ஆளுக்கு அல்ல, பஞ்சுக்கு!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார நூற்பாலைகளில் ஹியூமிடிட்டி பிளாண்ட் ஆபரேட்டர் என்றொருவர் இருப்பார். நூல் நூற்பவரல்ல, நூலுக்கேற்ற காற்றைத் தயாரிப்பவர். ராட்சத விசிறி இழுக்கும் காற்றை வடிகட்டி, தண்ணீர்த் தூறலில் நனைத்து, தளத்துக்கு அனுப்புவது இவர் பொறுப்பு.

காற்று காய்ந்தால் இழை அறும், பஞ்சு பறக்கும். ஈரம் கூடினாலோ பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். ஸ்பின்னிங் பகுதிக்குச் சுமார் 55–60 சதவீத ஈரப்பதம் வேண்டும். நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங்குக்கு இன்னும் சற்றுக் கூடுதல். ஆபரேட்டர் கையில் இரண்டு தெர்மாமீட்டர்: ஒன்றின் குமிழில் ஈரத்திரி. உலர்ந்தது 32 டிகிரி, நனைந்தது 25 டிகிரி காட்டினால் ஈரப்பதம் ஏறக்குறைய 57 சதவீதம். அட்டவணையில் பார்த்துவிட்டு, காற்றுவழிக் கதவான டேம்பரைத் திறப்பார் அல்லது பம்ப்பைக் குறைப்பார். ஐப்பசி மழையில் ஒரு கணக்கு, சித்திரை வெயிலில் வேறு கணக்கு.

இந்த வட்டாரத்தில் 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதற்கும் 34 ஆண்டு முன்பே, 1902-இல், நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் நவீன ஏ.சி.யை வடிவமைத்திருந்தார். அங்கேயும் கவலை மனிதருக்கு வியர்ப்பதல்ல, ஈரத்தில் காகிதம் சுருங்கி விரிவதுதான்!