மனோவசிய வைத்தியம் படிக்கலாமா? பணம் கட்டுமுன் அறிய வேண்டியவை



இறம்பொடைப் பக்கத்தில் ஒரு தாய் கேட்ட கேள்வியிலிருந்து இக்கட்டுரை பிறந்தது. அவர்களுடைய மரக்கறித் தோட்டம் மண்சரிவில் போய்விட்டது. மகன் சாதாரண தரம் எழுதியவன். "சாமி, ஹிப்னோதெரபின்னு ஒரு படிப்பாம். மூணு மாசத்துல சான்றிதழ் குடுத்து டாக்டர் மாதிரி உக்காரலாமாம். காதுத் தோட்டை வச்சுப் பணம் கட்டவா?" என்று கேட்டார்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்த பிறகு இதுபோன்ற கேள்விகளை நாம் அலட்சியம் செய்ய முடியாது. நிலத்தை இழந்த குடும்பம் பிள்ளையின் படிப்பையே நிலமாக நம்புகிறது. ஆகவே இதை நிதானமாகப் பார்ப்போம்.

மனோவசியம் என்பது என்ன?

மனோவசியம் மந்திரமுமல்ல, தூக்கமுமல்ல. ஒருவர் தம் கவனத்தை ஒரே இடத்தில் குவித்து, உடலைத் தளர்த்தி, சொல்லப்படும் ஆலோசனையை எளிதில் ஏற்கும் நிலையே அது. அவர் விரும்பாவிட்டால் அந்த நிலை வராது. 'ஹிப்னோட்டிசம்' என்ற பெயரைப் பரப்பியவர் ஸ்கொத்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் பிரெய்ட். அவருடைய நூல் 1843இல் வெளிவந்தது. 1845இல் வங்காளத்தின் ஊக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற வைத்தியர் இதையொத்த முறையால் நோயாளிகளின் வலியை மறக்கச் செய்து சத்திரசிகிச்சை செய்தார். சில வருடங்களில் ஈதரும் குளோரோபோமும் வந்ததால் அம்முறை பின்தள்ளப்பட்டது.

1955இல் பிரித்தானிய மருத்துவச் சங்கமும் 1958இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் மருத்துவத்தில் இதற்கு இடமுண்டு என ஏற்றன. திருத்தந்தை 12ஆம் பத்திநாதரும் 1957இல் மயக்க மருந்து வைத்தியர்களிடம் பேசியபோது இதைக் குறிப்பிட்டார். வைத்தியர் கையில், மருத்துவ நெறிகளுக்கு உட்பட்டு இது நடைபெற வேண்டும் என்பதே அவர் கருத்து. இன்று வலி, பதற்றம், சிலவகைக் குடல் நோய்கள் ஆகியவற்றில் மற்றச் சிகிச்சையோடு துணையாக இது பயன்படுகிறது. ஆனால் குரல் கேட்பது, பொய்யான சந்தேகம் போன்ற கடும் மனநோய் உள்ளவர்களிடம் பயிற்சியற்றவர் இதைச் செய்தால் நோய் மோசமாகலாம். நடக்காததை நடந்ததாக நினைவில் பதித்துவிடும் ஆபத்தும் உண்டு.

கோவூர் எப்படிச் செய்தார்?

இலங்கையில் மனோவசியம் என்றதும் பெரியவர்கள் டாக்டர் ஆபிரகாம் கோவூரை நினைப்பார்கள். 1898இல் கேரளத்தில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த இவர், 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை மனோவசியத்தால் குணப்படுத்தியதாக எழுதினார். 1978இல் காலமானார். அவருடைய கடவுள் மறுப்பை நாம் ஏற்பதில்லை. ஆனால் பேயென்று சொல்லி ஒரு பெண்ணை வேப்பிலையால் அடிப்பதைவிட, அவள் மனத்தில் உள்ள துயரத்தைக் கேட்க வேண்டும் என்ற பாடம் நமக்கும் தேவை.

"கோவூர் வைத்தியரல்லவே, அவர் செய்யவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். அவர் தாவரவியல் ஆசிரியர். பல்லாண்டு கற்பித்து 1959இல் ஓய்வு பெற்றவர். மூன்று மாதச் சான்றிதழை நம்பிப் பிழைப்புத் தேடியவரல்லர்.

யாரைச் சேர்க்கிறார்கள்?

இங்கேதான் கவனம் வேண்டும். பொறுப்பான சங்கங்கள் மனோவசியத்தைத் தனித் தொழிலாகக் கற்பிப்பதில்லை. ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்கு மேலதிகக் கருவியாகவே கற்பிக்கின்றன. 1957இல் தொடங்கிய அமெரிக்க மருத்துவ மனோவசியச் சங்கம் வைத்தியர், பல் வைத்தியர், உளவியலாளர் போன்ற உயர்பட்டம் பெற்ற சுகாதாரத் துறையினரையே பயிற்சிக்கு எடுக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், மனோவசியம் தெரியாமலே ஒரு நோயைக் கவனிக்கத் தெரிந்தவரே மனோவசியத்தாலும் அதைக் கவனிக்கலாம்.

மறுபுறம், பிரித்தானியாவில்கூட 'ஹிப்னோதெரபிஸ்ற்' என்ற பெயரை எவரும் வைத்துக்கொள்ளலாம். சட்டத் தடை இல்லை. எனவே தகுதி எதுவும் கேட்காமல் பணம் மட்டும் கேட்கும் வகுப்புகளும் உலகெங்கும் உண்டு. வெளிநாட்டுப் பெயர் பொறித்த சான்றிதழ் என்பதால் அது அரசாங்க அங்கீகாரம் ஆகிவிடாது. அதைக் காட்டி இலங்கை மருத்துவ சபையில் வைத்தியராகப் பதியவும் முடியாது.

நம் பிள்ளைகளுக்கு உள்ள வழி

பிறர் மனத்துயரை ஆற்ற விரும்பும் பிள்ளைக்கு நேர்வழிகள் உண்டு.

முதற்படி உயர் தரம். இதற்குப் பொதுவாக முதல் மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். உயிரியல் பிரிவில் சிறந்த பெறுபேறு பெற்றால் வைத்தியராகி, பின்பு மனநல வைத்தியத்தில் விசேட பயிற்சி பெறலாம். நுவரெலியா மாவட்டத்துக்குப் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடும், பின்தங்கிய மாவட்டத்துக்கான மேலதிக ஒதுக்கீடும் உண்டு. கலைப் பிரிவில் படித்தவர் பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் உளவியல் கற்கலாம். சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப் பணியிலும் உளவளத்துணையிலும் பயிற்சி அளிக்கிறது.

சான்றிதழ்கள் மண்ணோடு போயிருந்தால் மனம் தளர வேண்டாம். பெறுபேற்றின் பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்திலும், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும் பெறலாம்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவு செய்யப்பட்டுள்ளதா? பதிவிலக்கத்தை எழுதி வாங்குங்கள்.
2. நிறுவனம் மட்டும் பதிவா, இந்தப் பயிற்சிக்கும் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. உண்டா?
3. சேர என்ன கல்வித் தகுதி கேட்கிறார்கள்? எதுவும் கேட்காவிட்டால், அதுவே எச்சரிக்கை.
4. அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் பயிற்சி உண்டா?
5. முன்பு படித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்? இருவரையாவது நேரில் சந்தித்துப் பேசுங்கள்.

கோபுரம் கட்டப் போகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பார் என்று நற்செய்தியில் கேட்டிருக்கிறோம். படிப்புக்கும் அது பொருந்தும்.

இடம்பெயர்ந்த பின் உறக்கமின்மை, மழைச் சத்தம் கேட்டதும் நடுக்கம், தீராத அழுகை இருந்தால் அது பேயுமல்ல, வெட்கமுமல்ல. அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே சிகிச்சை இலவசம். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்துடன் பேசலாம்.

அந்தத் தாய்க்கு நாங்கள் சொன்னதும் இதுதான். தோட்டை அடகு வைக்கவில்லை. மகனின் பெறுபேற்றுப் பிரதிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது கைக்கு வந்ததும் உயர் தர வகுப்பைப் பற்றிப் பாடசாலை அதிபரிடம் பேச இருக்கிறார்கள்.