பழைய காருக்குள் பதுங்கி இருக்கும் நெருப்பு!

அம்பாசிடர் காரைத் தெரியாதவர் இந்தியாவில் இருக்க முடியாது. மந்திரிகள் பவனி வந்தது அதில்தான். மாப்பிள்ளை ஊர்வலம் போனதும் அதில்தான். டில்லியிலும் கல்கத்தாவிலும் பெட்டி படுக்கையோடு ரெயிலை விட்டு இறங்கிய எத்தனையோ தமிழர்களை ஏற்றிச்சென்ற டாக்சியும் அதுதான்.

இங்கிலாந்து நாட்டு "மாரிஸ் ஆக்ஸ்போர்டு" காரை மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாராவில் 1957-ம் ஆண்டு இதன் உற்பத்தி தொடங்கியது. 2014-ம் ஆண்டு மே மாதம் நின்றுபோனது.

உற்பத்திதான் நின்றது. ஆசை நிற்கவில்லை. பழைய காரை வாங்கிப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். 50 ஆண்டுகளைத் தாண்டிய கார்களை "விண்டேஜ்" வாகனமாகப் பதிவு செய்ய 2021-ம் ஆண்டு மத்திய அரசு தனி விதியே கொண்டு வந்தது.

இப்படிப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் செலவு செய்வது பெயிண்டுக்கு. அடுத்து சீட் உறைக்கு. அதற்கும் அடுத்து பளபளக்கும் பம்பருக்கு. ஒயருக்கு மட்டும் பணம் இருக்காது. "லைட் எரிகிறதே, போதாதா?" என்பார்கள்.

போதாது! லைட் எரிவதால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று பொருள் அல்ல.

ஒட்டு மேல் ஒட்டு

ஒரு காரின் ஆயுளில் எத்தனையோ கைகள் அதில் படுகின்றன. ஹாரன் அடிக்கவில்லை என்று ஒருவர் ஒயரை வெட்டி முறுக்குவார். ரேடியோ வைக்க வேண்டும் என்று இன்னொருவர் வேறொரு ஒயரின் தோலைச் சீவி, அதில் புது ஒயரைச் சுற்றுவார். மேலே கொஞ்சம் டேப். என்ஜின் சூட்டில் அந்த டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும்.

ஆதிகால கார்களில் ஒயருக்கு ரப்பர் உறை. அதன் மேல் பருத்தி நூல் பின்னல். பிறகுதான் பி.வி.சி. வந்தது. ரப்பர் காய்ந்தால் நொறுங்கும். பி.வி.சி.யும் பல ஆண்டு சூட்டில் விறைத்து வெடிக்கும்.

ஒட்டுப்போட்ட இடத்தில் செம்பு களிம்பு பூத்துவிடும். அங்கே கரண்ட் தடைபடும். தடைபடும் இடம் சூடாகும். சூட்டில் உறை உருகி, வெறும் கம்பி காரின் தகரத்தில் பட்டால் அவ்வளவுதான். சில வினாடிகளில் கம்பி சிவந்து பழுக்கும். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய்! மறுநாள் பத்திரிகையில் "மின் கசிவு காரணமாக கார் தீப்பிடித்தது" என்று செய்தி வரும்.

பியூஸ் எதற்கு?

"பியூஸ் இருக்கிறதே!" என்று கேட்கலாம். அக்காலத்து பிரிட்டிஷ் பாணி கார்கள் பலவற்றில் மொத்தமே 2 பியூஸ்கள்தான். ஹெட்லைட்டுக்கு பியூஸ் கிடையாது. இருக்கும் பியூஸ் போனாலும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்து வண்டியை ஓட்டும் வழக்கம் உண்டு. பியூஸ் காப்பாற்றுவது பல்பை அல்ல, ஒயரை. ஈயத்தாள் யாரையும் காப்பாற்றாது.

இன்னொரு விஷயமும் உண்டு. பழைய "லூகாஸ்" கண்ணாடி பியூசில் 35 என்று போட்டிருந்தால், 35 ஆம்பியரில் அது எரிந்து போகும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது சுமார் 17 ஆம்பியர்தான். இது தெரியாமல், 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் புது பியூசை அங்கே போட்டால், பியூசுக்கு முன் ஒயர் எரியும்.

ஹெட்லைட் கணக்கையும் பார்ப்போம். 60 வாட் பல்பு இரண்டு எரிய, 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 10 ஆம்பியர் வேண்டும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு இரண்டு போட்டால் 17 ஆம்பியர்! அத்தனையும் பழைய சுவிட்ச் வழியாகப் போனால் சுவிட்ச் என்ன ஆகும்? இதற்கு ரிலே வைக்க வேண்டும். ரிலே இருந்தால் சுவிட்ச் வழியே சிறிதளவு கரண்ட்தான் போகும்.

பாடியில் பிறந்த டைனமோ

வெளிநாட்டுக் கார் பிரியர்கள் லூகாசுக்கு "இருட்டின் இளவரசர்" என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவழியில் லைட் அணைந்து போகுமாம்! ஆனால் நடுவழியில் காலை வாருவது பெரும்பாலும் கருவி அல்ல. களிம்பு ஏறிய ஒட்டும், பிடிப்பு விட்ட எர்த்தும்தான்.

அதே லூகாஸ், டி.வி.எஸ். நிறுவனத்துடன் சேர்ந்து 1961-ம் ஆண்டு தொடங்கியதுதான் "லூகாஸ் டி.வி.எஸ்." அதன் தொழிற்சாலை சென்னை பாடியில் இருக்கிறது. வடநாட்டில் ஓடிய பழைய அம்பாசிடரின் பானெட்டைத் திறந்தால், பாடியில் தயாரான டைனமோ ஊர்க்காரரைப் போல எட்டிப் பார்க்கும்.

மாற்றுவது எப்படி?

முதல் வேலை, பாட்டரி இணைப்பைக் கழற்றுவது. இரண்டாவது வேலை, படம் வரைவது. ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய சீட்டைக் கட்ட வேண்டும். செல்போனில் போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம்.

லூகாஸ் வகுத்த வண்ண முறை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழுப்பு, பாட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவி திருப்பினால் உயிர் பெறுவது. பச்சை, சாவிக்குப் பிறகு பியூஸ் வழியாகப் போவது. நீலம் ஹெட்லைட்டுக்கு. சிவப்பு சைடு லைட்டுக்கு. கறுப்பு எர்த். அழுக்கைத் துடைத்துப் பார்த்தால்தான் நிறம் தெரியும்.

பழைய ஒயர் கட்டை வெட்டி எறியக் கூடாது. அப்படியே கழற்றித் தரையில் விரித்து, அதே நீளத்தில், அதே கிளைகளோடு புதுக் கட்டைத் தயாரிக்க வேண்டும். நிறமும் மாறக்கூடாது.

வீட்டு ஒயரைக் காருக்குப் போடுகிறவர்கள் உண்டு. அது தவறு. ஒற்றைக் கம்பி, வண்டி அதிரும்போது முறிந்துவிடும். கார் ஒயரில் மெல்லிய செம்பு இழைகள் பல இருக்கும். அதன் உறை எண்ணெயையும் சூட்டையும் தாங்கும். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தால், பாட்டரிக்குப் போகும் ஒயரைத் தடிமனாகப் போட வேண்டும்.

தகரத்தில் துளை வழியே ஒயர் நுழையும் இடங்களில் எல்லாம் ரப்பர் வளையம் அவசியம். இல்லாவிட்டால் தகரத்தின் விளிம்பே கத்தியாகிவிடும்.

எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டித் தகரம் தெரியச் செய்ய வேண்டும். புது பெயிண்ட் அடித்த காரில் லைட் மங்கினாலும், பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கினாலும், முதலில் பார்க்க வேண்டியது எர்த்தைத்தான். இன்னும் ஒன்று. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் மைனஸ் அல்ல, பிளஸ்தான் எர்த்! பார்க்காமல் பாட்டரியை மாட்டக் கூடாது.

கடைசிச் சோதனை

எல்லாம் முடிந்ததும் பாட்டரியை நேரே மாட்டிவிடக் கூடாது. பாட்டரிக்கும் அதன் ஒயருக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பை வைக்க வேண்டும். எல்லா சுவிட்சும் அணைந்து, கதவுகள் மூடி இருக்கும்போது பல்பு பிரகாசமாக எரிந்தால், எங்கோ ஒயர் தகரத்தில் படுகிறது என்று பொருள். எரியாவிட்டால் பாட்டரியை மாட்டி, லைட், ஹாரன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

சாமான்களுக்குப் பஞ்சம் இல்லை. டில்லியில் காஷ்மீரி கேட், பெங்களூரில் ஜே.சி. ரோடு, கல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை என்று தேடிப்போனால் கிடைக்கும். வேண்டியது பொறுமைதான். அவசரப்பட்டால் மீண்டும் ஒட்டுதான் விழும்.

வரைந்த படத்தைப் பத்திரமாகக் காரின் டாஷ்போர்டு அறையிலேயே வைத்துவிட வேண்டும். அந்தக் காரை இன்னும் 20 ஆண்டு கழித்து யார் திறப்பாரோ தெரியாது. அந்தப் படம் இருந்தால் அவருக்கு ஒயரை வெட்டிப் பார்க்கும் வேலை இருக்காது.