பத்தாயத்தை விற்றுவிட்டு பேனல் ஒட்டலாமா? புது வீட்டு இன்டீரியருக்கு பத்மநாபபுரம் அரண்மனை சொல்லும் கணக்கு

தக்கலை பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கோயில் என்பதால் அல்ல, தரைக்காக. உள்ளே காலை வைத்ததும் ஜில்லென்று இருக்கும் அந்தக் கருந்தரையில், வெளிச்சம் விழுகிற இடங்களில் தூணும் ஜன்னலும் நிழலாகத் தெரியும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, செடிச் சாறு என்று அதன் சேர்மானத்துக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள். வைட்டிரிஃபைடு டைல்ஸ் என்ற சொல்லே இல்லாத காலத்துத் தரை அது. ஆனால் யாராவது மொபைலில் அதன் போட்டோவைக் காட்டி, "துபாய்ல ஒரு ஹோட்டல்" என்று சொன்னால் இன்றைக்கும் நம்பிவிடலாம்.

அங்கிருந்து நாகர்கோவில் வரும் வழியில் புதிதாக எழும்பும் வீடுகளைப் பார்த்தால் கதை வேறு. சாம்பல் நிற எலிவேஷன், ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ப்ரொஃபைல் லைட், டி.வி.க்குப் பின்னால் வரிவரியாக ஃப்ளூட்டட் பேனல். சென்னை ஓ.எம்.ஆரிலோ பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலோ அதே வீட்டை அப்படியே தூக்கி வைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வெளியூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிற பிள்ளைகள் 3டி படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து ஓகே சொல்கிறார்கள். பழைய வீட்டை இடிக்கும் நாளில்தான் பிரச்சினை ஆரம்பிக்கும். அரங்கில் கிடக்கிற பத்தாயத்தை என்ன செய்வது? "அது கெடக்கட்டு மக்களே, குடுத்துராத" என்பார் அம்மா. "எங்கம்மா வைக்க?" என்பார் மகன். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

20 வருட லோனில் கட்டுகிற வீட்டுக்கு எத்தனை வருட ஆயுள் உள்ள டிசைனைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இங்கே உள்ள கேள்வி. அதற்கு அந்த அரண்மனையையே ஒரு கேஸ் ஸ்டடியாக எடுத்துக்கொள்ளலாம்.

அரண்மனையும் ட்ரெண்டைப் பின்பற்றியது

பத்மநாபபுரம் ஒரே நாளில், ஒரே ஸ்டைலில் கட்டப்பட்டது அல்ல. 1600-களின் தொடக்கத்தில் அரண்மனைக்கு அடித்தளம் போட்டார்கள். 18-ம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பெரிதாக விரிந்தது. 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறைதான். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் இடம்பெற்றிருக்கிறது.

இதற்குள் சுற்றிப் பார்த்தால் அந்தந்தக் காலத்து 'இம்போர்ட்டட்' பொருட்கள் கண்ணில் படும். பூமுகத்தில் சீன வேலைப்பாடு கொண்ட நாற்காலி. சீன ஜாடிகள். பல வகை மூலிகை மரங்களை இணைத்துச் செய்த கட்டில் ஒன்று, டச்சுக்காரர்கள் தந்த பரிசு என்று சொல்லப்படுகிறது. 1741-ல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்த ராஜாவின் வீட்டில் டச்சுக் கட்டில்! வெளிநாட்டு விருந்தினருக்கென்று இந்திர விலாசம் என்ற கட்டடம் இருக்கிறது. உயரமான கூரை, பெரிய கதவுகள் என்று அதன் சாயலே ஐரோப்பியச் சாயல்.

ஆக, ராஜாக்களும் ட்ரெண்டுக்கு மயங்கியவர்கள்தான். ஆனால் எதை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். வெளியில் இருந்து வந்தவை நாற்காலி, ஜாடி, கட்டில் என நகர்த்தக்கூடிய பொருட்களாக வந்தன. பெரிதாக எதையாவது புதுமாதிரி செய்ய வேண்டியிருந்தபோது தனிக் கட்டடமாகக் கட்டினார்கள். சரிவான ஓட்டுக் கூரை, தேக்கு, ஈட்டி, பலா மர வேலை, முற்றம் என்கிற அடிப்படை நூற்றாண்டுகள் தாண்டியும் மாறவில்லை. பூமுகத்தின் மரக் கூரையில் 90 பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை என்பார்கள். அதற்குக் கீழே சீன நாற்காலியை வைத்தாலும், எடுத்தாலும் பூமுகம் பூமுகமாகவே இருக்கிறது.

எது நிலையானது, எது மாற்றக்கூடியது?

இதை இன்றைய வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு எளிய சோதனை கிடைக்கும். பிடிக்காமல் போனால் இதை மாற்ற எத்தனை நாள் ஆகும், எவ்வளவு உடைக்க வேண்டும்?

தலையணை உறை, திரைச்சீலை, மேஜை விளக்கு எல்லாம் ஒரு மணி நேர வேலை. சுவர் பெயின்ட் ஒரு வார இறுதி. ட்ரெண்டை இங்கே தாராளமாகக் கொட்டலாம். பான்டோன் நிறுவனம் 2000-ல் தொடங்கி ஒவ்வொரு வருடமும் 'இந்த ஆண்டின் நிறம்' என்று ஒன்றை அறிவிக்கிறது. 2024-க்கு 'பீச் ஃபஸ்', 2025-க்கு 'மோக்கா மூஸ்'. பிடித்திருந்தால் குஷனில் போடுங்கள், ஒரு சுவரில் அடியுங்கள். சமையலறை கேபினெட் முழுக்க அந்த நிறத்தில் லேமினேட் ஒட்டினால்தான் வம்பு. அடுத்த வருட நிறம் வரும்போது உங்கள் இ.எம்.ஐ. பாக்கி இருக்கும்.

தரை, கதவு, நிலை, ஜன்னல், படிக்கட்டு, பாத்ரூம் டைல்ஸ் இவையெல்லாம் உடைத்தால்தான் மாறும். இவற்றில் புதுமை பார்ப்பதைவிட, தாத்தா வீட்டில் 50 வருடம் தாங்கியது எது என்று பார்ப்பது லாபம். குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளில் இன்றும் காணக் கிடைக்கிற சிவப்புத் தரை, அதாவது ரெட் ஆக்சைடு, நல்ல உதாரணம். சிமென்ட் கலவையில் இரும்பு ஆக்சைடு நிறமி சேர்த்து, கரண்டியால் திரும்பத் திரும்பத் தேய்த்து மெருகேற்றுவது. இணைப்பு இல்லாத ஒரே தரை. புழங்கப் புழங்க மினுங்கும். குறையும் உண்டு. மயிரிழை விரிசல் வரும், ஒரே சீரான நிறம் வராது, பல நாள் தண்ணீர் கட்டி ஆற வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, கைப்பழக்கம் உள்ள கொத்தனார் வேண்டும். 'போட்டுப் பார்க்கலாம்' என்கிறவரிடம் ஹாலை ஒப்படைக்காதீர்கள். முதலில் ஒரு சின்ன அறையிலோ படிப்புரையிலோ போடச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

இங்கே அடிக்கிற மழை பின்ட்ரெஸ்டுக்குத் தெரியாது

இந்த மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழை. கூடவே கடல் காற்று. பழைய வீடுகளின் சரிந்த கூரையும் நீண்ட இறவாணமும் அழகுக்காக வந்தவை அல்ல, சுவரை மழையிலிருந்து காப்பாற்ற வந்தவை. டெல்லியிலோ ஸ்டாக்ஹோமிலோ எடுத்த படத்தைப் பார்த்துச் செய்கிற இன்டீரியர் இங்கே அடி வாங்குவது இந்த இடத்தில்தான்.

எம்.டி.எஃப். பலகை ஈரம் குடித்தால் உப்பிவிடும், உப்பினால் திரும்பாது. மலிவு விலை ஃப்ளூட்டட் பேனல்கள், வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கிற கேபினெட்டுகள் பலவும் இந்தப் பலகையிலோ இதன் உறவுக்காரப் பலகைகளிலோ செய்தவை. தண்ணீர் புழங்கும் இடத்தில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். எஸ்டிமேட்டில் வெறுமனே 'பிளை' என்று எழுதியிருந்தால் எந்த கிரேடு என்று எழுதி வாங்குங்கள். குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்களில் கைப்பிடிக்கும் கிரில்லுக்கும் சாதாரண 304 ஸ்டீலைவிட 316 கிரேடு உப்புக் காற்றைத் தாங்கும். விலை அதிகம்தான், ஆனால் துரு பிடித்த பிறகு மாற்றும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒழுகும் கான்கிரீட்டுக்குக் கீழே ஜிப்சம் சீலிங் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெளிச்சத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் குறைந்த செலவில் வீட்டையே மாற்றுவது அதுதான். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை லைட்தான். படிக்க, காய் நறுக்க நல்லது. ஆனால் தேக்கும் பித்தளையும் சிவப்புத் தரையும் அதன் கீழ் சோகை பிடித்த மாதிரி தெரியும். உட்காரும் இடத்தில் 2700 அல்லது 3000 கெல்வின் பல்பை மாட்டிப் பாருங்கள். சில நூறு ரூபாய்தான். அரண்மனையின் மர வேலைப்பாடு அவ்வளவு அழகாகத் தெரிவதற்கு, உள்ளே வெளிச்சம் குறைவாக, பக்கவாட்டில் இருந்து வருவதும் ஒரு காரணம். எல்லா மூலையும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது எந்த வீட்டுக்கும் கட்டாயம் இல்லை.

பத்தாயத்துக்கு வருவோம்

நெல் கொட்டி வைக்கிற மரப்பெட்டி. சில வீடுகளில் அறைக் கதவைவிடப் பெரிதாக இருக்கும், எப்படி உள்ளே போனது என்று ஆச்சரியமாக இருக்கும். பலவற்றில் ரகசியம் எளிது. பலகைகளைக் காடியில் செருகிச் செய்தது, கழற்றி மாட்டலாம். இடிக்கிறவர்களோ வியாபாரியோ மொத்தமாக ஒரு விலை பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை. அப்படி விற்ற தூணும் கதவும் நிலையும் எங்கோ ஒரு ரிசார்ட்டிலோ பழம்பொருள் கடையிலோ போய் நிற்கின்றன. விற்றவரின் பேரப்பிள்ளை அதே மாதிரி ஒன்றைப் பல மடங்கு விலைக்கு வாங்கி 'விண்டேஜ் கார்னர்' அமைப்பதும் நடக்கிறது.

முழுப் பத்தாயமும் பிளாட்டுக்குள் நுழையாது, சரி. அதன் பலகை பெஞ்ச் ஆகலாம், உணவு மேஜை ஆகலாம், பழைய அயினிக் கதவு கட்டிலின் தலைமாடு ஆகலாம். முதலில் தட்டிப் பாருங்கள்; பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான் வேலை முடித்திருக்கலாம். கரையானுக்கு மருந்து வைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே புது வீட்டுக்குள் கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் மாடுலர் கிச்சனுக்கும் அது விருந்து.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு சட்டச் சிக்கல். 1972-ம் ஆண்டு தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின்படி, 100 வருடத்துக்குக் குறையாத வயதுள்ள கலைப்பொருட்கள், சிலைகள் போன்றவை தொல்பொருள் கணக்கில் வரும். அவற்றைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. குறிப்பிட்ட வகைச் சிலைகள், ஓவியங்களை வீட்டில் வைத்திருந்தாலே பதிவு செய்ய வேண்டும். ஆச்சியின் பழைய வெண்கலச் சிலையை செக்-இன் பெட்டியில் போடுவதற்கு முன், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு.

இன்னொரு பக்கமும் உண்டு. பழசு என்றாலே வீட்டுக்குள் அடுக்குவதும் ஒரு ட்ரெண்ட்தான். உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவது இன்ஸ்டாகிராமில் எந்த வீட்டைப் பார்த்தாலும் இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் உருளி என்பது அடுப்பில் ஏறிப் பாயசம் கிண்டுகிற பாத்திரம். பூ வைப்பதில் தப்பில்லை. ஆனால் தோவாளைச் சந்தையில் வாங்கிய பூ ஒரு நாளில் வாடும், தண்ணீரை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் கொசு. தினமும் செய்ய நேரமில்லாதவர் கடையில் புதிதாக உருளி வாங்கி வைப்பதைவிட, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைச் சமையலுக்குப் பயன்படுத்தலாம். தொட்டுப் புழங்குகிற பொருள்தான் வீட்டுக்கு ஒரு ஆளின் முகத்தைத் தரும். அம்மா தையல் மெஷின், அப்பா வாசித்த புத்தக அலமாரி, முதல் சம்பளத்தில் வாங்கிய ஸ்பீக்கர் எல்லாம் அந்த வகைதான். 3டி படத்தில் இவை எதுவும் இருக்காது. டிசைனருக்கு இவற்றின் போட்டோவையும் அளவையும் முதலிலேயே அனுப்பிவிட்டால், அவற்றுக்கு இடம் விட்டு வரைவார். கடைசியில் அனுப்பினால் பால்கனிதான் கிடைக்கும்.

ஊருக்கு வரும்போது, டிசைனை ஓகே செய்வதற்கு முன் ஒரு காலை நேரத்தை அரண்மனைக்கு ஒதுக்கலாம். திங்கள்கிழமை விடுமுறை. பூமுகத்துக் கூரை, தாய்க்கொட்டாரத்தின் செதுக்கிய பலா மரத்தூண், நவராத்திரி மண்டபத் தரை, இந்த மூன்றின் முன்னால் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். கையில் தரை டைல்ஸ் சாம்பிள் இருந்தால் அதையும் கூடவே எடுத்துப் போகலாம்.