மணவாளக்குறிச்சி மணலும் ஒரு புதிய விளக்கும்

மணவாளக்குறிச்சிக் கரையின் மணலில் மோனசைட் இருப்பதை 1909-ஆம் வருஷத்தில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். அதிலிருந்து எடுத்த தோரியம் ஐரோப்பிய வீதிகளின் எரிவாயு விளக்குகளுக்கு வலைத்திரியாயிற்று. மணல் நம்முடையது, வெளிச்சம் அவர்களுடையது என்ற நிலை அன்று. இன்று வேறொரு விளக்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஜாக்குலின் பார்ட்டன் அம்மையாரும் அவருடைய சகாக்களும் 1990-இல் ஒரு ருத்தேனியச் சேர்மத்தை விவரித்தனர். தண்ணீரில் அது ஒளி விடுவதில்லை. நீர் அதன் ஒளியை அணைத்துவிடுகிறது. டி.என்.ஏ. என்னும் முறுக்கேணியின் படிகளுக்கிடையே புகுந்ததும் நீரின் தொல்லை நீங்கிச் சுடர்கிறது. காற்றில் அணையும் அகல், மாடக்குழியில் நின்று எரிவதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். டி.என்.ஏ.யின் படி பொருந்தாத பிழையைத் தேடிப் பிடித்து, ஒளி பட்டவுடன் அவ்விடத்தை வெட்டும் ரோடியச் சேர்மங்களையும் அவ்வம்மையார் அமைத்திருக்கிறார்.

மோனசைட்டில் சிறு அளவே உள்ள யூரோப்பியம், டெர்பியம் ஆகியவற்றின் சேர்மங்களும் இவ்வேலைக்கு உதவுகின்றன. உயிரணுவின் சொந்த மினுமினுப்பு நொடியின் கோடியில் சில பங்கிலேயே மறைகிறது. இவற்றின் ஒளியோ மில்லி நொடியளவு நிற்கும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் விளக்கு மட்டும் தெரியும்! பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அகில் சக்கரவர்த்தி அவர்களும், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பழனியாண்டவர் அவர்களும் உலோகச் சேர்மங்கள் டி.என்.ஏ.யுடன் இணைவதையும் அதை வெட்டுவதையும் ஆராய்ந்துள்ளனர்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கிள்ளியூர்ப் பகுதியில் மணல் எடுக்கும் திட்டத்தை 2024-இல் மக்கள் எதிர்த்தனர். இத்தகைய சோதனைக்கு வேண்டுவது சில மில்லிகிராம் உப்பே. ஆகவே இந்த விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி மேலும் தோண்டுவது நியாயமாகாது. மணலின் கதிரியக்கம் தங்கள் பிள்ளைகளுக்குத் தீங்கிழைக்குமோ என்று கரையோர மக்கள் அஞ்சுகிறார்கள். அந்தத் தீங்கு நேருமாயின், அது நேருமிடம் டி.என்.ஏ.யே. இச்சேர்மங்கள் நாளையே வைத்தியரின் கைக்கருவியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் நாகர்கோவில் கல்லூரிகளில் இவ்வாராய்ச்சிக்கு ஓர் அறை ஒதுக்கி, கரையோரச் சகோதரர்களின் சம்மதத்துடன் பரிசோதனையைத் தொடங்கி, முடிவுகளைத் தமிழில் அவர்களுக்கே முதலில் அறிவிக்க வேண்டும். இதற்கான செலவை மணலால் லாபமடைவோரே ஏற்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.