யூதர் மறைக்குப் பொருள்காணும் விதிகள்

யூதர் தம் மறையாகிய தோராவை இறைவன் அருளியதெனக் கொள்வர். எனினும் வாழ்வில் எழும் ஐயங்கள் அனைத்துக்கும் அதன்கண் நேர்விடை இல்லை. கூறியது கொண்டு கூறாததை உணர்தற்கு அவர்தம் ஆசிரியர் சில விதிகளை வகுத்தனர். அவை ஹில்லேல் பெயரால் 7 ஆகவும், கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான ரபி இஸ்மவேல் பெயரால் 13 ஆகவும் வழங்கும். பின்னவை காலைவழிபாட்டில் இன்றும் ஓதப்படுகின்றன.

முதல் விதி 'கல் வஹோமெர்' என்பது. சிறியதற்குப் பொருந்துவது பெரியதற்கு உறுதியாகப் பொருந்தும் என்பது அதன் கருத்து. இதற்கும் ஓர் எல்லை உண்டு. மோசேயைப் பழித்த மிரியாம் தொழுநோயுற்றாள். தந்தை மகள் முகத்தில் உமிழ்ந்தாலே அவள் 7 நாள் நாணியிருப்பாளன்றோ என வினவிய இறைவன், அவளைப் பாளையத்துக்குப் புறத்தே 7 நாள் வைக்குமாறு பணித்தான் என எண்ணாகமம் கூறும். தந்தை சினத்துக்கு 7 நாளெனின் இறைவன் சினத்துக்கு 14 நாளாதல் வேண்டும். மறையோ 7 நாளுடன் அமைந்தது. ஆகவே, பெறப்படும் முடிபு தன்னைத் தந்ததன் அளவைக் கடத்தலாகாது என்றனர்.

இரண்டாவதாகிய 'கெசெரா ஷாவா' இதனினும் இடர்மிக்கது. ஈரிடத்து ஒரே சொல் வருமாயின், ஓரிடத்துச் சட்டத்தை மற்றதற்கும் உரித்தாக்கலாம் என்பது இவ்விதி. சொல் ஒற்றுமை எங்கும் கிடைக்குமாதலின், எவரும் எதனையும் நிறுவலாமன்றோ? இவ்வச்சம் ஹில்லேல் வரலாற்றிலேயே வெளிப்படுகின்றது.

பஸ்கா பலிக்குரிய நாள் ஒருமுறை ஓய்வுநாளில் நேர்ந்தது. அன்று பலியிடலாமோ எனத் தலைமைபூண்டிருந்த பதீரா குடியினர் அறிந்திலர். பாபிலோனிலிருந்து வந்த ஹில்லேலை வினவினர். நாட்பலிக்கும் பஸ்காவுக்கும் 'அதற்குரிய காலத்தில்' என ஒரே தொடர் வருதலின், ஓய்வுநாளிலும் செய்யப்படும் நாட்பலியைப் போலப் பஸ்காவும் ஓய்வுநாளைக் கடக்கும் என்றார் அவர். நாட்பலியை விடுத்தார்க்குக் குலத்தினின்று அறுப்புண்ணும் தண்டனை இல்லை. பஸ்காவை விடுத்தார்க்கு உண்டு. ஆதலால் பஸ்கா அதனினும் வலிது என்றும் காட்டினார். எருசலேம் தல்மூத் உரைக்குமாறு, அவர்கள் ஒவ்வொன்றையும் மறுத்தனர். கெசெரா ஷாவாவைத் தானே புனைந்து கூற எவர்க்கும் உரிமையில்லை என்றனர். தம் ஆசிரியராகிய செமாயா, அப்தல்யோன் இருவரிடமும் அவ்வாறு கேட்டதாக ஹில்லேல் மொழிந்த பின்னரே உடன்பட்டனர். நாள்முழுதும் வாதித்தும் பெறாத உடன்பாட்டை இரு பெயர்கள் பெற்றுத்தந்தன!

விதிகள் சட்டத்தைப் பிறப்பித்தனவோ, முன்னரே நின்ற வழக்குக்கு மறையிற் சான்று தேடினவோ என ஆய்வாளர் வாதிடுவர். இவ்வரலாறு பின்னதன்பாற் சாய்கின்றது. கத்தியை முன்னாளே கொணர மறந்தவர் யாது செய்வது என அடுத்து வினவியபோது ஹில்லேலுக்கு விடை நினைவில்லை. மக்கள் செய்வதைப் பார்ப்போம் என்றார். மறுநாள் செம்மறிக்குட்டி கொணர்ந்தவர் அதன் மயிரிடையும், வெள்ளாட்டுக்குட்டி கொணர்ந்தவர் அதன் கொம்பிடையும் கத்தியைச் செருகி வந்தனர். ஆசிரியர் கற்பித்ததும் அதுவே என அப்போதுதான் அவர் நினைவுகூர்ந்தார்.