வினை மெலிந்து பெயர் பெருத்த கதை

இரண்டு ஆங்கில வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, போனில் யாரோ யாரிடமோ சொல்லக்கூடியது: ‘ஐ திங்க் ஷி செட் ஷி வுட் கம் இஃப் ஹி டிட்ன்ட்.’ மற்றது, நிலத்தடி நீர் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் வரக்கூடியது: ‘தி இன்ஃப்ளூயன்ஸ் ஆஃப் ரெயின்ஃபால் வேரியபிலிட்டி ஆன் கிரவுண்ட்வாட்டர் ரீசார்ஜ் இன் கோஸ்டல் அக்விஃபர்ஸ் இஸ் சிக்னிஃபிகன்ட்.’ இதில் எந்த வாக்கியத்தின் அமைப்பு சிக்கலானது என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் இரண்டாவதைத்தான் காட்டுவோம்.

வினைகளை எண்ணிப் பார்த்தால் கதை வேறு. போன் வாக்கியத்தில் நினைப்பது, சொல்வது, வருவது, வராமலிருப்பது என்று நான்கு வினைகள். அவன் வராவிட்டால் என்ற நிபந்தனை அவள் வருவதற்குள் இருக்கிறது. அவள் வருவது அவள் சொன்னதற்குள். அவள் சொன்னது என் நினைப்புக்குள். இவ்வளவு அடுக்குகளையும் டீ ஆற்றிக்கொண்டே ஒருவர் சொல்லிவிட, கேட்பவருக்கும் தடையில்லாமல் புரிந்துவிடுகிறது. ஆய்வுக் கட்டுரை வாக்கியத்தில் இருப்பதோ ஒரே வினை. அதுவும் ‘இஸ்’ என்ற சொத்தை வினை. கிளை வாக்கியம் என்று எதுவுமே கிடையாது. எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தால், ‘வானம் நீலமாக இருக்கிறது’ என்ற ஒன்றாம் வகுப்பு வாக்கியத்துக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. பாரமெல்லாம் எழுவாயின் தலையில்: ஆறு பெயர்ச்சொற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஆக, பேச்சு எளிது, எழுத்து கடினம் என்று சொல்வது பாதி உண்மைதான். பேச்சு வினைகளால் சிக்கலாகிறது. ஆய்வு எழுத்து பெயர்களால் சிக்கலாகிறது. இதை ஊகமாகச் சொல்லாமல் எண்ணிக்காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க மொழியியலாளர் டக்ளஸ் பைபர். பேச்சும் எழுத்தும் எந்தெந்த இலக்கணக் கூறுகளில் வேறுபடுகின்றன என்று கணினியைக் கொண்டு அளந்த அவருடைய நூல் 1988இல் வந்தது. 1999இல் அவரும் வேறு நான்கு அறிஞர்களும் சேர்ந்து லாங்மன் பதிப்பகத்துக்காக ஒரு பெரிய ஆங்கில இலக்கணத்தை எழுதினார்கள். சுமார் 4 கோடிச் சொற்கள் கொண்ட மொழித் தரவகத்தை அலசி, உரையாடல், புனைகதை, செய்தி, ஆய்வு எழுத்து என்ற நான்கு களங்களில் எது எவ்வளவு வருகிறது என்று பக்கத்துக்குப் பக்கம் காட்டும் நூல் அது. தலையணை கனம் இருக்கும்; ஆனால் நம்முடைய பள்ளிக்கூட இலக்கண நம்பிக்கைகள் பலவற்றை அது கலைத்துவிடும்.

ஒரு நம்பிக்கையை மட்டும் பார்ப்போம். பேச்சு ஆங்கிலம் என்றாலே ‘ஐ ஆம் கோயிங்’, ‘ஷி இஸ் கமிங்’ என்று ‘இங்’ ஒட்டிய வினைகள்தான் என்று நமக்குள் ஓர் எண்ணம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளிலும் முதல் பாடங்களில் ஒன்று அதுவாகவே இருக்கும். எண்ணிப் பார்த்ததில், உரையாடலிலும்கூட ‘இங்’ இல்லாத சாதாரண வினைகள் ‘இங்’ வினைகளைப் போல் இருபது மடங்குக்கும் மேல் வருகின்றன. மற்ற களங்களைவிட உரையாடலில் ‘இங்’ கூடுதல்தான். ஆனாலும் அங்கேயும் அது சிறுபான்மை.

உரையாடலில் இன்னொரு வேடிக்கை, வினைகள் நிறைய வந்தாலும் திரும்பத் திரும்ப வருவன ஒரு கைப்பிடிதான். ‘சே’, ‘கெட்’, ‘கோ’, ‘நோ’, ‘திங்க்’ என்று தொடங்கும் ஒரு டஜன் வினைகளே அங்கு வரும் முதன்மை வினைகளில் ஏறக்குறைய 45 விழுக்காட்டை நிரப்பிவிடுகின்றன. ஆய்வு எழுத்தில் வினைகள் குறைவு; வருவனவும் இந்த ஒரு டஜனை அவ்வளவாக நம்பி இருப்பதில்லை. அங்கே நான்கில் ஒன்று செயப்பாட்டு வினை. உரையாடலில் அது நூற்றுக்கு இரண்டு.

பெயர்ச்சொல் பக்கம் இடைவெளி இன்னும் அகலம். உரையாடலில் ‘நான்’, ‘நீ’, ‘அது’ போன்ற மாற்றுப்பெயர்களே பெயர்ச்சொற்களைச் சற்று முந்திவிடுகின்றன. எதிரே இருப்பவருக்கு எது ‘அது’ என்று தெரியும், விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வருகிற பெயர்த் தொடர்களிலும் அடைமொழி ஏதாவது ஒட்டியவை 15 விழுக்காடு அளவில்தான். ஆய்வு எழுத்தில் அது ஏறக்குறைய 60. காரணம் எளிது. பேசுபவர் நாக்கு ஓடும்போதே வாக்கியத்தைக் கட்டவேண்டும். முடிந்த இடத்தில் இன்னொரு வினையைக் கோத்து நீட்டுவதுதான் அவருக்கு வசதி. எழுதுபவருக்கு அழித்து எழுத நேரம் இருக்கிறது, இடம்தான் இல்லை.

இட நெருக்கடி தலைப்புச் செய்தியில் உச்சத்துக்குப் போகும். ‘ஹாஸ்பிட்டல் ஃபயர் டெத் ப்ரோப் பேனல் ஹெட்’ என்று ஒன்றை எழுதிப் பாருங்கள். ஆறு பெயர்கள், ஐந்து மூட்டுகள். எந்த இரண்டு மூட்டும் ஒன்றுபோல் இல்லை. மருத்துவமனை‘யில் பிடித்த’ தீ, தீ‘யால் நேர்ந்த’ சாவு, சாவு ‘பற்றிய’ விசாரணை, விசாரணை ‘நடத்தும்’ குழு, குழு‘வின்’ தலைவர். மேற்கோளுக்குள் இருப்பவை அத்தனையும் ஆங்கிலத்தில் மறைந்து நிற்கின்றன. நன்னூல் படித்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தமிழ்ப் பத்திரிகையும் இதே வரிசையில் ‘மருத்துவமனைத் தீ விபத்துச் சாவு விசாரணைக் குழுத் தலைவர்’ என்று போட்டுவிடும். இரண்டு மொழியிலும் தலைமைச் சொல் கடைசியில் வருவதால் இந்தக் கோவை நமக்கு அவ்வளவு கரடுமுரடாகத் தெரிவதில்லை.

நம்மைத் தடுக்கிவிடுவது மறுபக்கம். ஆங்கிலம் தலைமைச் சொல்லுக்கு முன்னாலும் சுமை ஏற்றும், ‘ஆஃப்’, ‘ஆன்’, ‘இன்’ என்று பின்னாலும் ஏற்றும். தமிழ் முன்னால் மட்டுமே ஏற்றும். முதலில் பார்த்த நிலத்தடி நீர் வாக்கியத்தில் ‘இன்ஃப்ளூயன்ஸ்’ தலையில் வந்துவிடுகிறது. எதன் தாக்கம், எதன் மேல், எங்கே என்பதெல்லாம் பின்னால் வரிசைகட்டி வருகின்றன. கடைசிச் சொல் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வந்தால்தான் நமக்கு அர்த்தம் ஆகிறது.

விஞ்ஞானம் பிறந்தபோதே இப்படி எழுதவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு அறிவியல் கட்டுரைகளில் ‘நான் இதைச் செய்தேன், இப்படிக் கண்டேன்’ என்று ஆளும் வினையும் தாராளமாக நடமாடுகின்றன. பைபரும் பெத்தனி கிரேயும் 2016இல் வெளியிட்ட நூல், பெயர்மேல் பெயர் அடுக்கும் வழக்கம் ஆய்வு எழுத்தில் வேகம்பிடித்தது இருபதாம் நூற்றாண்டில்தான் என்று காட்டுகிறது. துறைகள் கிளைவிட்டன, ஒரு துறையின் கட்டுரையை அந்தத் துறைக்காரர்களே படித்தார்கள், மூட்டுகளை விரித்துச் சொல்லவேண்டிய அவசியம் போய்விட்டது.

விதை மட்டும் பழையது. மைக்கேல் ஹாலிடே என்ற மொழியியலாளர் நியூட்டனின் 1704ஆம் ஆண்டு ‘ஆப்டிக்ஸ்’ நூலிலேயே அதைப் பார்த்தார். ஒளி விலகுகிறது என்று ஒரு வாக்கியத்தில் வினையாகச் சொன்னதை, அடுத்த வாக்கியத்தில் ‘விலகல்’ என்று தொழிற்பெயராக்கி எழுவாய் இடத்தில் உட்காரவைத்தால், வாதத்தை அதன்மேல் ஏறி நின்று தொடரலாம். அந்த விலகல் கூடும், குறையும், அளக்கப்படும், இன்னொன்றுக்குக் காரணமாகும். நடந்த செயல் ஒரு பொருளாகிவிட்டது. இது இல்லாமல் நீண்ட அறிவியல் வாதம் எதையும் கட்டியெழுப்புவது கடினம் என்பதால், பெயராக்கம் முழுவதையும் வெறும் பந்தா என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

ஆனால் விலை உண்டு. மழை மாறினால் நீர் கூடுதலாக ஊறுமா, குறைவாக ஊறுமா? அந்த நிலத்தடி நீர் வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள், பதில் இல்லை. ‘இன்ஃப்ளூயன்ஸ்’ என்ற பெயருக்குத் திசை கிடையாது. ‘கூட்டுகிறது’, ‘குறைக்கிறது’ என்ற வினையில் எழுதியிருந்தால் திசை தெரிந்துவிடும். செய்தவர் யார் என்பதும் அப்படித்தான். ‘அதிகாரிகள் தாமதித்தார்கள்’ என்றால் ஆள் அகப்படுவார். ‘தாமதம்’ என்றால் யாரும் அகப்படமாட்டார்கள். அரசாங்கக் கடிதங்கள் இந்த இலக்கணத்தை விரும்புவதில் வியப்பில்லை.

பைபர் பல்கலைக்கழக ஆங்கிலத்தையும் தனியாக அலசி 2006இல் ஒரு நூல் எழுதினார். பேராசிரியர் வகுப்பில் பாடம் நடத்தும் மொழியை அவர் எண்ணிப் பார்த்தபோது, அது பாடப்புத்தகத்தைவிட உரையாடலுக்கே இலக்கணத்தில் நெருக்கமாக நின்றது. பொருள் புத்தகத்தில் இருப்பதுதான். வாய்திறந்து சொல்ல ஆரம்பித்ததும் மாற்றுப்பெயர்களும் வினைகளும் திரும்பி வந்துவிடுகின்றன. வகுப்பில் தலையாட்டிக் கேட்ட மாணவர் அன்று இரவே அதே பாடத்தைப் புத்தகத்தில் திறந்து முழிப்பதற்கு அவருடைய மூளையைக் குறை சொல்ல முடியாது. ஒரே நாளில் இரண்டு இலக்கணங்களில் படிக்கச் சொல்கிறோம். அதில் ஒன்றைத்தான் அவர் பிறர் பேசக் கேட்டுப் பழகியிருக்கிறார்.